10 லிட்டர் பீர், முதல் முயற்சி: எங்கிருந்து தொடங்குவது?

#1 · புதுநுரை

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளா படிக்க மட்டும் செஞ்சேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதுறேன். வீட்டிலேயே பீர் செஞ்சு பார்க்கணும்னு ஆசை. என்கிட்ட மூடியோட 15 லிட்டர் பிளாஸ்டிக் வாளி (உணவு வைக்கிற தரம்), 10 லிட்டர் பிடிக்கிற எவர்சில்வர் பாத்திரம், சமையல் தெர்மாமீட்டர் மூணும் இருக்கு.

படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுது. ஒருத்தர் தானியத்தை ஊற வைக்கிறதுல இருந்து தொடங்கச் சொல்றார். இன்னொருத்தர் டப்பாவைத் திறந்து தண்ணி ஊத்தினா போதும்ங்கிறார். முதல் தடவைக்கு எது சரி? எவ்வளவு செய்யலாம்? கைக்காசை முதல்ல எதுல போடணும்?

#2 · பழையவாளி

வாங்க தம்பி. வாளியும் பாத்திரமும் இருக்குன்னா பாதி வேலை முடிஞ்சுது.

பீர்ங்கிறது நாலே பொருள்: தண்ணி, மால்ட், ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தர்ற ஒரு கொடியோட பூ), ஈஸ்ட். மால்ட்னா பார்லியை முளைகட்ட விட்டு, முளை வந்ததும் காய வெச்சு நிறுத்தினது. முளை விடும்போது உள்ள இருக்கிற மாவைச் சர்க்கரையா மாத்துற என்சைம் உண்டாகுது. அந்த மால்ட்டை உடைச்சு வெந்நீர்ல ஊறப் போட்டா இனிப்புச் சாறு இறங்கும். அதுக்குப் பேர் வோர்ட். இந்த வேலையை ஆலையிலேயே செஞ்சு, சாறைச் சுண்ட வெச்சுப் பாகாவோ பொடியாவோ விக்கிறாங்க. அதுதான் மால்ட் எக்ஸ்ட்ராக்ட். முதல் தடவைக்குப் பொடி எடுத்துக்கங்க. 10 லிட்டர் போதும்.

காசை மூணு விஷயத்துல போடுங்க: போட்ட பிறகு அலச வேண்டாத கிருமிநீக்கி, ஹைட்ரோமீட்டர் (சாறுல எவ்வளவு சர்க்கரை கரைஞ்சிருக்குன்னு மிதந்து காட்டுற கருவி), வாளி மேல ஒட்டுற தெர்மாமீட்டர் பட்டை. பாத்திரம், பர்னர், செம்புக் குழாய் இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ஹைட்ரோமீட்டர் இல்லாம மட்டும் தொடங்காதீங்க.

#3 · கசப்பு60

பழையவாளி அண்ணா சொல்றதுல ஒரு இடத்துல நான் வேறுபடுறேன். தானியத்துல இருந்து தொடங்குறது அப்படியொண்ணும் பெரிய மலை இல்ல. அகலமான துணிப்பை ஒண்ணு வாங்கி, உடைச்ச மால்ட்டை அதுல போட்டு, 65-67 டிகிரி வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊற வெச்சு, பையைத் தூக்கி வடிய விட்டா வோர்ட் ரெடி. நான் முதல் தடவையே அப்படித்தான் செஞ்சேன். அந்த ஒரு மணி நேரத்துல மாவுத்தண்ணி இனிப்பா மாறுறதை நாக்குல வெச்சுப் பாக்குறது தனி அனுபவம். அதை ஏன் புதுசா வர்றவங்களுக்கு இல்லேங்கணும்?

#4 · பழையவாளி

அனுபவத்தை யாரும் இல்லேங்கல கசப்பு. ஆனா அந்த 65-ஐ ஒரு மணி நேரம் பிடிச்சு வெக்கிறதுதானே சிரமம்! 60-65 பக்கம் நின்னா பீட்டா அமைலேஸ்ங்கிற என்சைம் நல்லா வேலை செஞ்சு, ஈஸ்ட் சாப்பிடக்கூடிய சர்க்கரையா வெட்டித் தரும், பீர் இனிப்பில்லாம வறட்சியா வரும். 70-ஐ ஒட்டிப் போனா ஆல்ஃபா அமைலேஸ்ங்கிற இன்னொரு என்சைம் கை ஓங்கும், ஈஸ்ட்டுக்குச் செரிக்காத சர்க்கரை மிஞ்சும், பீர் கனமா நிக்கும். 78-ஐத் தாண்டிட்டா ரெண்டும் சீக்கிரமே செத்துடும். முதல் நாள் காய்ச்சுறவர் அடுப்போட பழகணும், சுத்தத்தோட பழகணும், ஈஸ்ட்டோட பழகணும். நாலாவதா இதையும் தலையில ஏத்தினா, பீர் கெட்டுப் போனப்ப எதனால கெட்டுச்சுன்னே தெரியாது. எக்ஸ்ட்ராக்ட்ல ரெண்டு வாளி முடிச்சுட்டு உங்க துணிப்பைக்கு வரட்டும். அப்ப நானே அனுப்பி வைக்கிறேன்.

#5 · கேள்விக்கணை

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கணும். என் கணவருக்கும் இதில் ஆர்வம் வந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் காய்ச்சியதைக் குடித்துக் கண் போனது, உயிர் போனது என்று எத்தனை செய்தி படிக்கிறோம். பீரில் அந்த மெத்தனால் வராதா? வீட்டுக்குள் இதைச் செய்வது உண்மையில் பத்திரமா?

#6 · நொதித்தோழி

குறுக்கே இல்லை தோழி, முதலில் கேட்க வேண்டியதே இதுதான். இந்தப் பயத்துக்கு நம் மொழியும் ஒரு காரணம். "காய்ச்சுவது" என்றாலே நமக்குச் சாராயம் நினைவுக்கு வருகிறது. சாராயம் காய்ச்சும்போது ஆவியைக் குளிர்வித்து ஆல்கஹாலைத் தனியே பிரித்தெடுக்கிறார்கள். பீரில் காய்ச்சுவது ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன்னால். அப்போது பாத்திரத்தில் ஒரு சொட்டு ஆல்கஹால்கூட இருக்காது. சர்க்கரைச் சாற்றைக் கொதிக்க வைக்கிறோம், அவ்வளவுதான். ஆல்கஹால் உண்டாவது அதற்குப் பிறகு, மூடிய வாளிக்குள். அதை யாரும் வடித்துப் பிரிப்பதில்லை.

மெத்தனால் பெரும்பாலும் பழங்களில் உள்ள பெக்டின் சிதையும்போது வருவது. பார்லி மால்ட்டில் பெக்டின் மிகக் குறைவு. ஆகவே பீரில் இருக்கும் மெத்தனாலின் அளவு பொருட்படுத்தத் தக்கதல்ல. செய்திகளில் வரும் சாவுகளுக்குப் பெரும்பாலும் காரணம், தொழிற்சாலைக்கான மெத்தனாலைச் சரக்கில் கலந்து விற்பது.

கிருமிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நொதித்து முடிந்த பீரின் பிஹெச் 4 முதல் 4.5 வரை இருக்கும். அதோடு ஆல்கஹால், ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள், ஆக்சிஜன் இல்லாமை. நோய் உண்டாக்கும் கிருமிகள் இந்தச் சூழலில் வளர்வதில்லை. பீர் புளித்துக் கெடலாம், நாறலாம், ஆனால் ஆளைச் சாய்க்காது. ஆபத்து வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: கொதிக்கும் வோர்ட் மேலே சிந்துவது, அழுத்தம் மிகுந்து பாட்டில் வெடிப்பது, ஈஸ்ட் போடாத வோர்ட்டை மூடி நாள்கணக்கில் வெளியே வைப்பது. கடைசியதில் அமிலமும் இல்லை, ஆல்கஹாலும் இல்லை, காற்றும் இல்லை. பாட்டுலிசம் கிருமிக்கு அது வசதியான இடம். ஆறிய அன்றே ஈஸ்ட் போட்டுவிட வேண்டும்.

இன்னும் ஒன்று. வீட்டில் பீர் செய்வதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 1963-இல்தான் அதற்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால்தான் வீட்டு பீருக்கு வரிவிலக்குக் கிடைத்தது. நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன விதி என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

#7 · கேள்விக்கணை

இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி தோழி. இந்த இழையைத் தொடர்ந்து படிக்கிறேன்.

#8 · பழையவாளி

புதுநுரை, உங்க வாளிக்கு ஒரு கணக்கு தர்றேன்.

வெளிர் நிற உலர்ந்த மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 1.2 கிலோ, உடைச்ச கிரிஸ்டல் மால்ட் 150 கிராம், கேஸ்கேட் ஹாப்ஸ் 35 கிராம், ஏல் வகை உலர் ஈஸ்ட் 11.5 கிராம் பாக்கெட் ஒண்ணு. அந்தப் பாக்கெட் 20 லிட்டருக்கே வரும், உங்களுக்கு அரைப் பாக்கெட் தாராளம்.

முந்தின நாளே 5 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வெச்சு, மூடி, ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க. மறுநாள் 7 லிட்டர் தண்ணியை 68 டிகிரிக்குச் சூடு பண்ணி, கிரிஸ்டல் மால்ட்டைத் துணியில முடிஞ்சு அரை மணி ஊற விடுங்க. 75-ஐத் தாண்ட விடாதீங்க, உமியில இருந்து துவர்ப்பு இறங்கிடும். முடிச்சை எடுத்துட்டு, அடுப்பை அணைச்சுட்டு, பாதி எக்ஸ்ட்ராக்ட்டைக் கொட்டிக் கலக்குங்க. அடுப்பு எரியும்போது கொட்டினா அடியில போய் ஒட்டிக் கருகும், அந்தத் தீய்ஞ்ச ருசி கடைசி பாட்டில் வரைக்கும் கூடவே வரும். கரைஞ்சதும் திரும்பப் பத்த வைங்க.

கொதி வரும் நேரம் நகராதீங்க. நுரை திடீர்னு எழும்பிப் பொங்கும். தீயைக் குறைச்சுத் துடுப்பால அடிச்சுக்கிட்டே இருந்தா அஞ்சு நிமிஷத்துல அந்த நுரை உடைஞ்சு உள்ள இறங்கிடும். அங்கேருந்து 60 நிமிஷக் கணக்கு. தொடக்கத்துல 15 கிராம் ஹாப்ஸ். 50-ஆவது நிமிஷம் அடுப்பை அணைச்சு மீதி எக்ஸ்ட்ராக்ட்டைக் கரைச்சு, மறுபடி பத்த வெச்சு 10 கிராம் ஹாப்ஸ். அடுப்பு அணைஞ்சதும் கடைசி 10 கிராம்.

பாத்திரத்தை அப்படியே ஐஸ் தண்ணித் தொட்டியில இறக்குங்க. 35 டிகிரிக்கு வந்ததும் வாளிக்கு மாத்தி, ஃப்ரிட்ஜ்ல இருக்கிற தண்ணியால 10 லிட்டர் ஆக்குங்க. கிட்டத்தட்ட 20-21 டிகிரியில வந்து நிக்கும். நல்லாக் கலக்கி, ஹைட்ரோமீட்டர்ல மட்டம் பாத்து (வெறும் தண்ணி 1.000, சர்க்கரை கூடக் கூட எண் ஏறும்) ஈஸ்ட் போடுங்க.

#9 · கசப்பு60

ஹாப்ஸை ஏன் மூணு தவணையா போடணும்னு யாராவது கேட்பாங்க, அதனால முன்கூட்டியே. ஹாப்ஸ்ல இருக்கிற ஆல்ஃபா அமிலம் அப்படியே போட்டா தண்ணியில கரையாது, கசக்காது. கொதிக்கிற வோர்ட்ல நேரம் ஆக ஆக அது உருமாறித்தான் கரையுது. அதனாலதான் 60 நிமிஷம். ஆனா ஹாப்ஸோட வாசனை எண்ணெய் ஆவியாகிற ஜாதி, அதே 60 நிமிஷத்துல அது காத்தோட போயிடும். முதல்ல போட்டது கசப்புக்கு, கடைசியில போட்டது மணத்துக்கு. நடுவுல போடுறது ரெண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம்.

பாக்கெட் மேல ஆல்ஃபா சதவீதம் போட்டிருக்கும், அதைப் படிங்க. அண்ணா கொடுத்த 15 கிராம் 6 சதவீதத்துக்குச் சரி. கைக்குக் கிடைச்சது 12 சதவீதம்னா பாதிதான் போடணும். பேரைப் பாத்து அளக்காதீங்க, சதவீதத்தைப் பாத்து அளங்க.

வீட்டில நாய் இருந்தா, கொதிச்சு முடிஞ்ச ஹாப்ஸ் சக்கையை எட்டாத இடத்துல மூடிப் போடுங்க. நாய்க்கு ஹாப்ஸ் விஷம். உடம்பு சூடு கட்டுக்கடங்காம ஏறி உயிரே போகலாம். இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க.

#10 · மட்டம்பார்ப்பவர்

சுத்தத்தைப் பற்றி இன்னும் யாரும் விரிவாகச் சொல்லவில்லை.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்கு ஒட்டியிருக்கும் பாத்திரத்தில் எந்தக் கிருமிநீக்கி ஊற்றினாலும் பயன் இல்லை. முதலில் வாசனை இல்லாத சோப்பிலோ பெர்கார்பனேட் தூளிலோ கழுவி அலசுங்கள். வாளிக்குள் கம்பி நார் படக் கூடாது. கீறல் விழுந்தால் கிருமி அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு கிருமிநீக்கி. ஸ்டார் சான் என்றால் லிட்டருக்கு 1.5 மில்லி. எல்லாப் பக்கமும் நனைந்து இரண்டு நிமிடம் இருந்தால் போதும், அலச வேண்டாம். நுரை மிஞ்சியிருந்தாலும் பீருக்கு ஒன்றும் ஆகாது.

கொதித்து ஆறிய பிறகு வோர்ட்டில் படும் எல்லாமே இதில் நனைந்திருக்க வேண்டும்: கரண்டி, தெர்மாமீட்டர், மூடியின் உள்பக்கம், ஈஸ்ட் பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோல், உங்கள் கை. நான் ஒரு தெளிப்பானில் நிரப்பி இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் வேலை செய்வேன்.

தண்ணீர் பற்றி ஒரே வரி. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் கொதியில் போய்விடும், குளோரமைன் அவ்வளவு எளிதில் போகாது. அது ஈஸ்ட்டின் பொருள்களோடு சேர்ந்தால் பீரில் மருந்துக்கடை நெடி அடிக்கும். குளோரமைனை நீக்கும் கேம்ப்டன் மாத்திரை ஒன்று சுமார் 75 லிட்டருக்குப் போதும். உங்களுக்கு அதில் ஒரு துணுக்கு.

#11 · புதுநுரை

செஞ்சாச்சு! எல்லாருக்கும் நன்றி.

பொங்கல் ஒரே ஒரு தடவை விளிம்பைத் தொட்டுது, துடுப்பால அடிச்சு இறக்கிட்டேன். கடைசி ஹாப்ஸைப் போட்டப்ப எழுந்த வாசனை இருக்கே, எலுமிச்சைத் தோலைக் கிள்ளின மாதிரி வீடு முழுக்க நின்னுது. முதல்ல மட்டம் 1.038-ன்னு காட்டுச்சு, பயந்துட்டேன். மேல ஊத்தின தண்ணி சரியா கலக்கலைன்னு புரிஞ்சு நல்லாக் கிண்டிட்டுப் பாத்தா 1.046. சூடு 21. வாளியை ரெண்டு நிமிஷம் ஆட்டி ஈஸ்ட் தூவினேன்.

14 மணி நேரம் ஆச்சு. ஏர்லாக்ல (மூடியில மாட்டுற, வாயுவை வெளிய மட்டும் விடுற தண்ணிக் குழாய்) ஒரு குமிழி கூட இல்ல. செத்த ஈஸ்ட்டா?

#12 · நொதித்தோழி

இல்லை, காத்திருங்கள். ஈஸ்ட் முதலில் நீங்கள் ஆட்டிக் கரைத்த ஆக்சிஜனைப் பயன்படுத்தித் தன் செல்சவ்வைத் திடப்படுத்திக்கொள்ளும், பிறகு பெருகும், அப்புறம்தான் குமிழி. உலர் ஈஸ்ட்டுக்கு 24 மணி நேரம் வரை ஆவது வழக்கம்தான்.

ஈஸ்ட்டைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டு. 1516-இல் பவேரியாவில் பீருக்கு விதி எழுதியவர்கள் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டும்தான் குறிப்பிட்டார்கள். ஈஸ்ட்டின் பெயர் அதில் இல்லை, அப்படி ஓர் உயிர் வேலை செய்வது யாருக்கும் தெரியாது. லூயி பாஸ்டர் பீரைப் பற்றிய தன் ஆய்வு நூலை வெளியிட்டது 1876-இல். கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தது 1883-இல். அதுவரைக்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பியேதான் மனிதர்கள் வாளியை மூடி வைத்தார்கள்.

இப்போது நமக்குத் தெரிகிறது, ஆகவே அதற்கு வேண்டியதைக் கொடுக்கலாம். ஏல் ஈஸ்ட்டுக்கு 18-21 டிகிரி. இது அறையின் சூடு அல்ல, வாளிக்குள் இருக்கும் சூடு. நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது உள்ளே 3-5 டிகிரி தானாகவே ஏறிவிடும். முதல் மூன்று நாள் 26-27-க்குப் போய்விட்டால் நெடியேறும் கன ஆல்கஹால்கள் உண்டாகும், அதைப் பின்னால் எடுக்கவே முடியாது. வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உறைந்த தண்ணீர் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போடுங்கள். சாறு செய்தது நீங்கள், பீர் செய்யப்போவது ஈஸ்ட்.

#13 · புதுநுரை

20-ஆவது மணி நேரத்துல ஆரம்பிச்சிடுச்சு! நிமிஷத்துக்கு நாப்பது குமிழி. தொட்டியில ஐஸ் பாட்டில் போட்டு 19-20-லயே வெச்சிருக்கேன். காதை வெச்சுக் கேட்டா உள்ள மழை தூறுற மாதிரி ஒரு சத்தம்.

#14 · புதுநுரை

ஏழாம் நாள். முந்தாநாள்ல இருந்து குமிழி சுத்தமா நின்னுடுச்சு. மூடி வழியா பாத்தா நுரையெல்லாம் இறங்கி, வாளிச் சுவத்துல பழுப்பு வளையம் மட்டும் ஒட்டியிருக்கு. மட்டம் 1.020. பாட்டில் கழுவி வெச்சாச்சு. நாளைக்கு ஊத்திடலாமா?

#15 · பழையவாளி

ஊத்தாதீங்க. தயவுசெஞ்சு ஊத்தாதீங்க.

இதை நான் அனுபவிச்சிருக்கேன், அதனால சொல்றேன். ஆரம்ப காலத்துல எனக்கும் இப்படித்தான் எட்டாம் நாள் குமிழி நின்னுது. ஹைட்ரோமீட்டர் அப்ப கிடையாது. முடிஞ்சதுன்னு நெனச்சு இருபத்திரண்டு பாட்டில் ஊத்தி, சர்க்கரை போட்டு, மூடி அடிச்சு மர அலமாரியில வெச்சேன். ரெண்டாவது வாரம், நடுராத்திரி, வீடே அதிர்ற மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தா அலமாரிக் கதவோட அடியில இருந்து பீர் ஒழுகுது. கதவுக்குக் கையை நீட்டினேன், உள்ள இன்னொண்ணு வெடிச்சுது. அன்னைக்கு அந்தக் கதவு மட்டும் மூடியிருக்கலேன்னா இன்னைக்கு எனக்குக் கண்ணு இருந்திருக்காது. காலையில பார்த்தா கதவோட உள்பக்கப் பலகையில கண்ணாடித் துண்டு ரெண்டு அங்குலத்துக்கு ஏறி நின்னுது. இடுக்கி போட்டுத்தான் பிடுங்கினேன்.

மிச்சத்தை எப்படி எடுத்தேன்னும் சொல்லிடறேன், யாருக்காவது உதவும். தடிமனான கையுறை, முகத்துக்குக் கவசம், நனைச்ச கனமான துண்டு. ஒவ்வொரு பாட்டிலையும் துண்டால மூடி, மெதுவாத் தூக்கி, ஃப்ரிட்ஜ்ல வெச்சு முழுசா குளிர வெச்ச பிறகுதான் திறந்தேன்.

குமிழி ஏர்லாக்கோட பேச்சு. மூடி லேசா தளர்ந்திருந்தாலே குமிழி நின்னுடும், சூடு கொஞ்சம் ஏறினா நொதிக்கலைன்னாலும் குமிழி வரும். அதை நம்பாதீங்க. மட்டத்தை மட்டும் நம்புங்க.

#16 · மட்டம்பார்ப்பவர்

அண்ணன் சொன்னதற்கு எண் போட்டுக் காட்டுகிறேன்.

உங்கள் பீர் 1.046-இல் தொடங்கியது. இந்தப் பொருள்களுக்கு 1.011 பக்கம் முடிய வேண்டும். இப்போது 1.020. ஒன்பது புள்ளி (ஒரு புள்ளி என்பது 0.001) பாக்கி. மூடிய பாட்டிலுக்குள் ஒவ்வொரு புள்ளி இறங்கும்போதும், பீரின் கொள்ளளவில் ஏறக்குறைய பாதி அளவு கரியமிலவாயு சேரும். ஒன்பது புள்ளிக்கு நாலரை மடங்கு. ஏற்கெனவே கரைந்திருப்பது முக்கால் மடங்குக்கு மேல். நீங்கள் போடும் சர்க்கரையால் இன்னும் ஒன்றரை. மொத்தம் ஏழுக்குப் பக்கம். சாதாரண பீர் பாட்டில் தாங்கும் அளவென்று நாங்கள் வைத்திருப்பது மூன்று.

விதி எளிது: மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அதோடு அந்த எண் நீங்கள் எதிர்பார்த்த இடத்திலும் இருக்க வேண்டும். அசையாமல் 1.020-இல் நின்றாலும் அது முடிந்த பீர் என்று ஆகாது, ஈஸ்ட் தூங்கிவிட்டது என்றும் பொருள் இருக்கலாம்.

அளக்கும்போது ஹைட்ரோமீட்டரை ஒரு சுழற்று சுழற்றிவிடுங்கள். பக்கத்தில் ஒட்டிய குமிழிகள் அதைத் தூக்கிப் பிடித்து இரண்டு மூன்று புள்ளி கூடுதலாகக் காட்டும். அளந்த பீரைத் திரும்ப வாளியில் ஊற்றாதீர்கள், குடித்துப் பாருங்கள்.

#17 · புதுநுரை

அண்ணா, படிச்சதும் கை நடுங்கிடுச்சு. பாட்டிலை எல்லாம் திரும்ப எடுத்து வெச்சுட்டேன். நீங்க எழுதலேன்னா நாளைக்குக் காலையில ஊத்தியிருப்பேன்.

சுழற்றிப் பார்த்தேன், 1.020 தான். குடிச்சா இன்னும் இனிப்பு தெரியுது. ஒரு விஷயம் இப்பத்தான் கவனிச்சேன்: அஞ்சாம் நாள் ராத்திரி ஐஸ் பாட்டில் அதிகமா போட்டுட்டேன். காலையில பட்டை 15 காட்டுச்சு. அதுவா காரணம்?

#18 · நொதித்தோழி

பெரும்பாலும் அதுதான். வேகம் குறையும் நேரத்தில் திடீரென்று குளிர்ந்தால் ஈஸ்ட் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படிந்துவிடும். குளிர்விக்க வேண்டியது முதல் மூன்று நான்கு நாள்தான். அதற்குப் பிறகு அது தேவையே இல்லை.

தொட்டியிலிருந்து வாளியை வெளியே எடுங்கள். மூடியைத் திறக்காமல், வாளியைச் சாய்த்து மெதுவாக வட்டமாகச் சுழற்றி, அடியில் படிந்ததை மேலே எழுப்புங்கள். குலுக்க வேண்டாம், இந்தக் கட்டத்தில் காற்று உள்ளே போனால் பீரில் அட்டைப்பெட்டி வாசனை வரும். 21-22 டிகிரியில் ஐந்தாறு நாள் விடுங்கள். இந்தச் சூடு இன்னொரு நன்மையும் செய்யும். நொதிக்கும்போது உண்டான டயசெட்டில், அதாவது வெண்ணெய் வாடை, அதை ஈஸ்ட்டே திரும்ப எடுத்து உண்டுவிடும்.

#19 · கேள்விக்கணை

சுவரில் ஒட்டிய பழுப்பு வளையம் பூஞ்சை இல்லையா? இரண்டு வாரம் அந்த வண்டலின் மேலேயே பீர் இருந்தால் கெட்டுவிடும், வேறு வாளிக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள்.

#20 · பழையவாளி

பழுப்பு வளையம் ஈஸ்ட்டும் ஹாப்ஸ் பிசினும்மா. பூஞ்சைன்னா பஞ்சு மாதிரி மயிரோட, பச்சையாவோ கறுப்பாவோ நிக்கும். வேற வாளிக்கு மாத்துறது பழைய காலத்துப் பழக்கம். மூணு நாலு வாரம் வண்டல் மேல இருந்தா ஒண்ணும் ஆகாது. மாத்தும்போது உள்ள போற காத்துதான் கெடுதல்.

#21 · புதுநுரை

பதினாலாம் நாள் 1.011. பதினேழாம் நாளும் 1.011! இனிப்பு போயிடுச்சு, வெண்ணெய் வாடை எதுவும் இல்ல. கணக்குப் போட்டேன்: 35 புள்ளி, அதாவது 0.035, அதை 131.25-ஆல பெருக்கினா ஆல்கஹால் 4.6 சதவீதம். சரிதானே? இப்ப ஊத்தலாமா?

#22 · மட்டம்பார்ப்பவர்

கணக்கு சரி. இப்போது ஊற்றலாம்.

வண்டலை விட்டு ஒன்பது லிட்டர் தேறும் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 6 கிராம் வெள்ளைச் சர்க்கரை, மொத்தம் 54 கிராம். தராசில் நிறுங்கள், கரண்டியில் அளக்காதீர்கள். 100 மில்லி தண்ணீரில் கொதிக்க வைத்து ஆறவிட்டு, கிருமி நீக்கிய இரண்டாவது பாத்திரத்தில் முதலில் அதை ஊற்றுங்கள். அதன்மேல் சைஃபன் குழாயால் பீரை இறக்குங்கள். குழாயின் முனை அடியில் படுத்து, பீர் சலசலக்காமல் சுழன்று நிரம்ப வேண்டும். வாயால் உறிஞ்சித் தொடங்காதீர்கள். குழாயைத் தண்ணீரால் நிரப்பித் தொடங்குங்கள்.

பாட்டில் பழுப்பு நிறம், திருகு இல்லாத கனமான வகை. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து முடைநாற்றம் வரும், பழுப்பு அதைத் தடுக்கும். மேலே மூன்று செ.மீ. காலி விடுங்கள். ஒரு பாட்டிலுக்குப் பதிலாக, சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் ஊற்றிவையுங்கள். கையால் அழுத்திப் பார்த்தே மற்றவற்றுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம்.

#23 · புதுநுரை

பதினேழு கண்ணாடிப் பாட்டில், ஒரு பிளாஸ்டிக். மூடியிருக்கிற பெட்டிக்குள்ள வெச்சிருக்கேன், அறை 21 டிகிரி.

அஞ்சாம் நாள் பொறுக்க முடியாம ஒண்ணைத் திறந்தேன். புஸ்ஸுன்னு சின்னச் சத்தம், நுரை எழும்பி உடனே போயிடுச்சு. வாசனையில பச்சை ஆப்பிள் மாதிரி ஏதோ இருக்கு. கெட்டுப்போச்சா?

#24 · நொதித்தோழி

கெடவில்லை, இளசாக இருக்கிறது. பச்சை ஆப்பிள் வாசனை அசிட்டால்டிஹைடு. சர்க்கரை ஆல்கஹாலாக மாறும் வழியில் வரும் இடைப்பொருள் அது. பாட்டிலில் போட்ட சர்க்கரையை ஈஸ்ட் இப்போதுதான் உண்டுகொண்டிருக்கிறது, முடிந்ததும் இதையும் சேர்த்து முடித்துவிடும். முழுதாக இரண்டு வாரம் அறைச் சூட்டில், பிறகு மூன்று நாளாவது ஃப்ரிட்ஜில். வாயு பீருக்குள் நன்றாகக் கரைந்து நிற்கக் குளிர் வேண்டும்.

#25 · புதுநுரை

மூணாவது வாரம். நேத்து சாயங்காலம் ஃப்ரிட்ஜ்ல இருந்து ஒண்ணை எடுத்தேன். பிளாஸ்டிக் பாட்டில் கல்லு மாதிரி இருந்துது. டம்ளரைச் சாய்ச்சுப் பிடிச்சு ஊத்தினேன், அடியில ஒட்டின ஈஸ்ட்டை அசைக்காம கடைசி ஒரு விரற்கடையைப் பாட்டில்லயே விட்டேன். செம்பு நிறம், இன்னும் லேசான மங்கல். ரெண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை, குடிச்சு முடிக்கிற வரைக்கும் டம்ளர் ஓரத்துல வரி வரியா ஒட்டியிருந்துது. ஆப்பிள் வாசனை போன இடம் தெரியல. முதல்ல எலுமிச்சைத் தோல், அப்புறம் பிஸ்கட் மாதிரி மால்ட், கடைசியில நாக்கோட பின்பக்கம் நிக்கிற கசப்பு.

அம்மா ஒரு வாய் குடிச்சுட்டு, இதையா ஒன்றரை மாசம் போர்வை போத்திப் பாத்துக்கிட்டேன்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்.

பழையவாளி அண்ணா, மீதி இருக்கிற பதினாறுல ரெண்டை உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன். கசப்பு60, அந்தத் துணிப்பை எத்தனை லிட்டர் பாத்திரத்துக்கு என்ன அளவு வாங்கணும்?

#26 · கசப்பு60

வாழ்த்துகள்! பை பாத்திரத்தோட வாயைச் சுத்தி மடக்கிப் போடுற அளவுக்கு அகலமா இருக்கணும், இல்லேன்னா உள்ள தானியம் கட்டி கட்டியா நின்னுடும். 10 லிட்டர் பீருக்கு 2.3 கிலோ மால்ட் வரும், ஆனா உங்க பாத்திரம் பத்தாது, 18 லிட்டராவது வேணும். இல்லேன்னா இதே பாத்திரத்துல 5 லிட்டர் மட்டும் செய்யுங்க, தனி இழை போடுங்க, நான் வந்து கூடவே நிக்கிறேன்.

#27 · கேள்விக்கணை

என் கணவர் ஹைட்ரோமீட்டர் வாங்கிவிட்டார். ஸ்டார் சான் தெளிப்பானை நான் வைத்துக்கொள்ளப் போகிறேன்.